பழைய கார் வாங்கும் முன் செருகிப் பார்க்க ஒரு கருவி

எரிகிற செக் இன்ஜின் விளக்கை அணைப்பதற்குக் காரைப் பழுது பார்த்திருக்க வேண்டியதில்லை. ஸ்கேனர் இருந்தால் அரை நிமிட வேலை. சில வண்டிகளில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலே அணைந்துவிடும். கோளாறு திரும்பத் தலைகாட்டும் வரை டேஷ்போர்டு சுத்தமாக இருக்கும். அந்தச் சில நாட்களுக்குள் வண்டி கைமாறிவிட்டால், பிறகு வரும் செலவெல்லாம் வாங்கியவர் தலையில்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களில் பலர் பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் 2013 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் விற்கப்பட்ட கார்களில் ஓ.பி.டி. இரண்டாம் கட்டம் கட்டாயம். அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் தன்னைத் தானே சோதித்துக் குறிப்பு எழுதி வைத்திருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் லட்சக்கணக்கில் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. படிப்பதற்கான கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. இ.எல்.எம். 327 என்ற பெயரில் ஆன்லைனில் விற்கும் புளூடூத் அடாப்டர்தான் அது. கடந்த சில மாதங்களாகப் பழைய கார் பார்க்கப் போகும் நண்பர்களோடு அதையும் எடுத்துப் போய்க்கொண்டிருக்கிறேன்.

முதலில் வாங்கும்போது கவனிக்க வேண்டியது. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப்பின் பெயர்தான் இ.எல்.எம். 327. அதன் முதல் பதிப்பு நகலெடுக்க முடியாதபடி பூட்டப்படாமல் வெளிவந்ததால், உலகம் முழுக்க நகல்கள் பெருகின. மூல நிறுவனம் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. இன்று நம் கைக்கு வரும் மலிவு அடாப்டர்கள் அநேகமாக எல்லாமே நகல்கள். பெட்டியில் 2.1 என்று போட்டிருந்தால் புதியது என்று நினைக்கத் தோன்றும். அப்படி விற்பவற்றில் பலவற்றுக்குப் பாதிக் கட்டளைகள் புரிவதில்லை, சில கார்களோடு பேசவே மாட்டேன் என்கின்றன. 1.5 என்று குறித்தவை பெரும்பாலும் நன்றாக வேலை செய்கின்றன. எல்ம் நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை என்பதால் அந்த எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. திருப்பி அனுப்பும் வசதியுள்ள கடையில் வாங்கி, முதலில் உங்களுக்குத் தெரிந்த நல்ல காரில் சோதித்துவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண புளூடூத் அடாப்டர் வாங்கினால் இணையாது. புளூடூத் எல்.இ. அல்லது வைஃபை வகைதான் அவர்களுக்கு. செயலிகளில் ஆண்ட்ராய்டுக்கு டார்க், இரண்டு வகை போன்களுக்கும் கார் ஸ்கேனர். நான் இரண்டையும் பயன்படுத்தினேன். முதல் முறை தொடுபவருக்குக் கார் ஸ்கேனர் எளிது.

செருகும் இடம் ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவர் முழங்காலுக்கு அருகில் இருக்கும் 16 பின் போர்ட். செருகுவதற்கு முன் போன் டார்ச்சை அடித்து அந்தப் பின்களைப் பாருங்கள். காருக்குள் தாழ்வான இடத்தில் இருக்கிற மின் இணைப்பு அது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் பார்த்த சென்னையில், தண்ணீர் புகுந்த வண்டி உள்ளே புது மேட்டும் வாசனைத் திரவியமுமாக எந்த ஊர்ச் சந்தைக்கும் வரலாம். பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் கருவியை வெளியே எடுக்கவே தேவையில்லை.

இன்னொன்று, விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இக்னிஷனைப் போட்டதும் செயலியில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி என்றால் அது வெளிக்காற்றின் வெப்பத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காலை 28 டிகிரியில் கூலன்ட் 65 காட்டினால், உங்களுக்கு முன்பே யாரோ இன்ஜினைச் சூடாக்கியிருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும் இன்ஜின், சூடானதும் சாதுவாகிவிடும்.

இனி கோளாறுக் குறியீடுகள். பெரும்பாலும் ‘குறியீடு எதுவும் இல்லை’ என்றே திரை சொல்லும். அங்கேயே நிறுத்திவிட்டு ‘வண்டி கிளீன்’ என்று கைகுலுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கருவியின் உண்மையான பயன் அதற்கு அடுத்த திரையில் தொடங்குகிறது. ரெடினஸ் மானிட்டர் என்ற பகுதி அது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், இ.ஜி.ஆர். போன்றவற்றை இன்ஜின் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகச் சோதித்து முடித்ததும் ‘முடிந்தது’ என்று குறித்துக்கொள்ளும். குறியீடுகளை அழித்தால் இந்தக் குறிப்புகளும் சேர்ந்து அழியும், சோதனைகள் முதலிலிருந்து தொடங்கும். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாகக் கலந்து ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டினால்தான் பெரும்பாலானவை முடியும். தினமும் ஓடுகிற வண்டி என்று சொல்லப்படும் காரில் பாதி மானிட்டர்கள் முடியாமல் கிடந்தால் அதற்குக் காரணம் வேண்டும்.

காரணத்தைத் தேடப் பக்கத்திலேயே இரண்டு எண்கள் இருக்கின்றன: குறியீடு அழித்த பிறகு ஓடிய தூரம், அழித்த பிறகு இன்ஜின் சூடான தடவைகள். விளக்கை அணைப்பவருக்கு இந்த எண்கள் பெரும்பாலும் தெரிவதில்லை. தெரிந்தாலும் ஓட்டாமல் ஏற்ற முடியாது.

திருச்சியில் ஒரு கார் கன்சல்டிங்கில் ஏழு வயதுப் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றில் செருகிப் பார்த்தோம். குறியீடு இல்லை. கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் மானிட்டர்கள் இரண்டும் முடியவில்லை. அழித்த பிறகு ஓடிய தூரம் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. “பேட்டரி இப்பத்தான் சார் மாத்துனோம், அதான்” என்றார் விற்பவர். நடக்கக்கூடியதுதான், பொய் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. “சரிங்கண்ணே, ரெண்டு நாள் ஓட்டிட்டு வைங்க, திரும்ப வந்து பாக்குறோம்” என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுபடி போனபோது பி0420 நிலுவைக் குறியீடாக உட்கார்ந்திருந்தது. கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். சில நேரம் சென்சார் பழுதாகவோ புகைபோக்கிக் கசிவாகவோ இருக்கலாம். கன்வெர்ட்டரே போயிருந்தால், உள்ளே பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் பூசிய பொருள் என்பதால் செலவு சிறியதாக இருக்காது. நண்பர் அந்த வண்டியை விட்டுவிட்டார்.

அதே தூரக் கணக்கு இன்னொரு வேலையும் செய்யும். மீட்டர் 48,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் குறியீடு அழித்த பிறகு ஓடிய தூரம் 60,000 என்று வருகிறது என்றால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மீட்டரைத் திருப்புபவர்கள் இன்ஜின் கம்ப்யூட்டரில் இந்த எண் இருப்பதை மறந்துவிடுவதுண்டு. பல கார்களில் இன்ஜின் கம்ப்யூட்டரிலுள்ள 17 எழுத்துச் சேசிஸ் எண்ணையும் செயலி காட்டும். ஆர்.சி. புத்தகத்தோடு அதை ஒத்துப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் உட்காருபவர் பார்க்க வேண்டியவை சில. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வோல்டேஜ் பெரும்பாலான வண்டிகளில் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் நிற்கும். பெட்ரோல் கார் என்றால் நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற எண் பூஜ்யத்திலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. எப்போதும் கூட்டல் பதினைந்து, இருபதில் நின்றால், எங்கோ காற்று கசிகிறது அல்லது பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. கம்ப்யூட்டர் அதை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. மலிவு அடாப்டர்களில் எண்கள் மெதுவாகத்தான் மாறும், அவசரப்படாமல் பாருங்கள்.

இவ்வளவு பயன் தரும் கருவி எங்கே கைவிடும் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய செலவு அங்கேதான் இருக்கிறது. சட்டம் கேட்பது புகை தொடர்பான சோதனைகளை. கியர்பாக்ஸ், ஏ.பி.எஸ்., ஏர்பேக் ஆகியவற்றின் கம்ப்யூட்டர்களை இந்த அடாப்டரும் பொதுச் செயலியும் பெரும்பாலும் எட்டாது. பழைய ஆட்டோமேட்டிக் வாங்குபவர்களின் பணத்தைக் கரைப்பது கியர்பாக்ஸ்தான். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி.யை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு அருமையானது, கியர் மாறுவதே தெரியாது. ஆனால் 2013-இல் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களை இதன் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் உலகளவில் சுமார் 16 லட்சம் கார்களின் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்ற வேண்டிவந்தது. ஃபோர்டின் ஆறு கியர் உலர் கிளட்ச் பவர்ஷிஃப்ட்டும் இப்படித்தான். அது தொடர்பான புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018-இல் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்த வகைக் கார்களைப் பார்க்கிறீர்கள் என்றால் ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுக்கு வி.சி.டி.எஸ். போன்ற தனி மென்பொருள் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.

உதிரி பாகம் கிடைக்குமா என்ற கேள்விக்கும் இந்தத் திரையில் விடை இல்லை. ஷெவர்லே 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. இந்தக் கார்களில் இன்ஜின் நன்றாக இருக்கலாம், விலையும் குறைவாக இருக்கலாம். பார்க்கப் போவதற்கு முன்பே உங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடைகளில் ஹெட்லைட், பம்பர், சஸ்பென்ஷன் ஆர்ம், ஏ.சி. கம்ப்ரஸர் நான்குக்கும் விலையும் எத்தனை நாளில் வரும் என்பதும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்து வருடப் பழைய ஜெர்மன் சொகுசுக் காருக்கு இது இன்னும் அவசியம். காரின் விலை ஐந்தில் ஒன்றாக இறங்கியிருந்தாலும் அதன் ஏர் சஸ்பென்ஷனின் விலை அப்படி இறங்குவதில்லை.

பி.எஸ். 6 டீசல் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி தானாகச் சுத்தமாக, வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். முந்தைய உரிமையாளர் அதைத் தினமும் சில கிலோமீட்டர் சிக்னல் சிக்னலாக மட்டும் ஓட்டியிருந்தால் வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கும். சில கார்களில் கரி அளவைச் செயலி காட்டுகிறது, காட்டினால் கட்டாயம் பாருங்கள். உங்கள் ஓட்டமும் அதே மாதிரிதான் என்றால் பெட்ரோல் வண்டியே போதும்.

சந்தேகமில்லாமல் வாங்கலாம் என்றுதான் இந்த அடாப்டரைப் பற்றிச் சொல்வேன். மெக்கானிக்கிடம் கொண்டுபோகத் தகுதியில்லாத வண்டிகளை வாசலிலேயே கழித்துவிட இது போதும். சோதித்து முடித்ததும் போர்ட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். சாவி எடுத்த பிறகும் அந்தப் போர்ட்டில் கரன்ட் இருக்கும் என்பதால் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். செயலியில் ‘குறியீடுகளை அழி’ என்ற பொத்தானை அடுத்தவர் காரில் எக்காரணத்துக்காகவும் தொட வேண்டாம். கோளாறு வந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில் இருந்தது என்ற பதிவும் அதோடு போய்விடும். அடுத்துப் பார்க்கப்போகும் மெக்கானிக்குக்கு முதலில் வேண்டியது அந்தப் பதிவுதான்.