கூரை பிழைத்தது, சந்தை?

பழைய கட்டடத்தைக் காப்பது வேறு. அதன் வாழ்வைக் காப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்துவதற்குக் கோலாலம்பூர் மத்தியச் சந்தையினும் தக்க சான்று கிடைப்பது அரிது.

1888இல் ஈரச்சந்தையாகத் தோன்றிய அது, 1937இல் 'ஆர்ட் டெக்கோ' பாணியிலான இன்றைய கட்டடத்தைப் பெற்றது. மீனும் இறைச்சியும் காய்கறியும் அங்கே விலைபோயின. 1980களில் அதனை இடிக்கும் எண்ணம் எழுந்தபோது, மரபுரிமைப் பற்றாளர் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். கட்டடம் பிழைத்தது. கைவினைக் கடைகளும் உணவகங்களும் கலைநிகழ்ச்சிகளும் கூடிய 'பசார் செனி'யாக, அதாவது கலைச்சந்தையாக, 1986 அளவில் மறுபிறப்பெய்தியது. 1998இல் அருகே அமைந்த இரயில் நிலையமும் அப்பெயரையே சூடிக்கொண்டது.

கட்டடக்கலை நோக்கில் இம்மாற்றம் போற்றத்தக்கதே. படிப்படியாக உயரும் முகப்பு சிதைக்கப்படவில்லை. காற்றும் ஒளியும் வேண்டிச் சந்தைக்கென உயர்த்திய கூரை, இன்று கடைகளுக்கும் பொலிவூட்டுகின்றது. உள்ளிருப்பதை இடித்து முகப்பை மட்டும் நிறுத்தி வைக்கும் போலிப் பாதுகாப்பு இங்கு நிகழவில்லை.

எனினும், குறை இரண்டு உண்டு. முதலாவது, பயன்பாடு பற்றியது. கத்தரிக்காய் வாங்க வந்தவர் நாளை மீண்டும் வருவார். நினைவுப்பொருள் வாங்குபவரோ ஊர் திரும்பிவிடுவார். அன்றாடத் தேவை அகன்றமையால், நகரத்தாருக்கு உரிய இடம் பெரிதும் விருந்தினருக்கு உரியதாயிற்று. இரண்டாவது, பண்பாடு பற்றியது. உள்ளே மலாய், சீன, இந்தியச் சந்துகள் எனப் பெயரிட்டுக் கடைகளைப் பிரித்தனர். ஈரச்சந்தையில் பண்பாடு விற்பனைக்கு வைக்கப்படவில்லை. பேரம் பேசும் நாவிலும் பொருளறிந்து வாங்கும் கண்ணிலும் அது இயல்பாகவே இருந்தது. பெயர்ப்பலகைக்கு வந்தபின் அது காட்சிப் பொருளாகச் சுருங்கிற்று.

'நகர நடுவில் மீன் சந்தை இனியும் இருந்திருக்க இயலுமா? விருந்தினர் தரும் வருவாயன்றோ கூரையைக் காக்கின்றது?' என்பார் உளர். அவ்வினாக்கள் நியாயமானவையே. ஆயின், மீனை மீண்டும் கொணர்க என்பதன்று இங்கே கோரிக்கை. பூத்தொடுப்போரும் தையற்காரரும் நூல் விற்போரும் தாங்கத்தக்க வாடகையில் சில கடைகள் இருத்தல் வேண்டும். மாலைவேளையில் நாடகமும் இசையும் பயிலும் இளைஞர்க்கு ஒரு கூடம் வேண்டும். பல்பயன் வளாகம் என்பதன் உண்மைப் பொருள் பலவகைக் கடைகள் அன்று. பலவகை மக்கள் பல வேளைகளில் காரணத்தோடு வந்து கூடுதலே ஆகும்.

சுவருக்கு வண்ணம் பூசுதல் எளிது. ஊரார் நாள்தோறும் வந்து செல்லும் தடத்தை மீட்டலே அரிது. அதனைச் செய்து முடிக்கும்போதுதான் 1980களில் தொடங்கிய மீட்புப்பணி முழுமை பெறும்.