கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய திரைகள்

விருத்தாசலத்து செராமிக் பட்டறைகளில் மாடல் செய்பவர், வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் செய்வார். மோல்டில் ஊற்றிய களிமண் கூழ் காயும்போது சுருங்கும். சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். மேசைமேல் நிற்கும் மாடலை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. வெந்து வந்த முதல் உருப்படியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு. செல்பேசித் திரைகளை வடிவமைக்கும் மென்பொருள்களையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். கணினியில் எவ்வளவு அழகாக வரைய முடிகிறது என்பது பாதி. வரைந்ததைச் செல்பேசிக்குக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைக்கிறதே, அந்தத் துணைச் செயலி மறுபாதி. கருவியைச் செய்தவர்களின் ரசனை அங்கேதான் பிடிபடும்.

2010இல் ஸ்கெட்ச் வந்தது. அதுவரை பெரும்பாலோர் திரைகளை ஃபோட்டோஷாப்பில்தான் வரைந்தார்கள். அது புகைப்படத்துக்காகப் பிறந்த கருவி. ஸ்கெட்ச் தேவையற்றதையெல்லாம் நீக்கிவிட்டு, திரை வரைபவருக்கு வேண்டியதை மட்டும் வைத்தது. அந்தச் சிக்கனமே அதன் அழகு. அதன் துணையாக வந்த ஸ்கெட்ச் மிரர் இன்னொரு அழகு. மேக் கணினியில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றினால், அதே வைஃபையில் இருக்கும் ஐஃபோனில் அப்போதே மாறும். பெரிய திரையில் எடுப்பாகத் தெரிந்த சாம்பல் நிற எழுத்து, செல்பேசியில் மங்கிப்போவதை வரைந்தவர் உடனே கண்டுகொள்வார். ஆனால் மேக் வேண்டும், ஐஃபோன் வேண்டும். நம்மூர்ப் பாலிடெக்னிக் மாணவருக்கு இரண்டுமே எட்டாத விலை.

அந்த வாசலைத் திறந்தது ஃபிக்மா. டிலன் ஃபீல்டும் இவான் வாலஸும் 2012இல் தொடங்கி, 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டார்கள். விளையாட்டுகளுக்குப் படம் வரையும் வெப்ஜிஎல் நுட்பத்தை வைத்து, ஒரு முழு வரைகருவியைப் பிரவுசருக்குள்ளேயே ஓட வைத்தார்கள். கல்லூரி ஆய்வகத்தின் விண்டோஸ் கணினி போதும். ஒரே கோப்பில் நான்கு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஒவ்வொருவர் பெயரும் அவரவர் அம்புக்குறியோடு நகரும். இதன் துணைச் செயலி முதலில் ஃபிக்மா மிரர், பிறகு 2021இல் புதுப்பித்த செல்பேசிச் செயலி. ஆண்ட்ராய்டிலும் உண்டு. கணினியில் தேர்ந்தெடுத்த ஃபிரேம், அதாவது திரைச் சட்டம், செல்பேசியில் வந்து நிற்கும். இணையம் தடுமாறும் இடத்தில் படங்கள் வரத் தாமதமாகும். அந்த வகையில் ஸ்கெட்ச் மிரரின் உள்ளூர் வேகம் எனக்கு இன்றும் உயர்வானதே. ஆனாலும் எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கில் ஃபிக்மாவுக்கு இணையில்லை.

அடோபியின் எக்ஸ்டி பற்றி வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் பொருள்கள் தாமாக நகரும் ஆட்டோ அனிமேட் வசதியை 2018இல் எளிமையாகக் கொடுத்தது. அதற்கும் ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் துணைச் செயலி இருந்தது. 2022 செப்டம்பரில் ஃபிக்மாவையே 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி அறிவித்தது. ஐரோப்பிய, பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அந்தப் பேச்சு முறிந்தது. அதற்குள் எக்ஸ்டியின் வளர்ச்சியும் நின்றிருந்தது. திரை வடிவமைப்புக்கான இன்னொரு சேவையான இன்விஷனோ 2024 இறுதியோடு மூடப்பட்டது. இதைப் பார்த்தபின் ஸ்பெயினிலிருந்து வரும் பென்பாட் மேல் எனக்கு மதிப்பு கூடியது. அது திறமூல மென்பொருள். எஸ்விஜி என்ற பொதுத் தரத்தில் வரைகிறது. சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். மெருகில் ஃபிக்மாவை எட்டவில்லை. இருந்தும், வரைந்தவரின் உழைப்பு ஒரு நிறுவனத்தின் முடிவோடு அழிந்துபோகாது என்பது சிறிய விஷயமல்ல.

உயிர்ப்பு என்று பார்த்தால் கொரியாவின் புரோட்டோபை முதலிடம். மற்றவை திரையிலிருந்து திரைக்குத் தாவுவதைக் காட்டும். இது செல்பேசியைச் சாய்த்தால் அசையும், ஒலி கேட்டால் பதில் செய்யும். அதன் பிளேயர் செயலி செல்பேசியின் சென்சார்களையே வடிவமைப்பின் பகுதியாக்கிவிடுகிறது. ஒரு கட்டண ரசீது கீழிருந்து எழும் வேகத்தைக்கூட விரலால் உணர்ந்து திருத்த முடிகிற இன்பம் இதில் உண்டு.

எல்லாவற்றையும்விட என் மனத்துக்கு நெருக்கமானது தைவானில் 2012இல் உருவான பாப். நோட்டுத் தாளில் பென்சிலால் திரைகளை வரைய வேண்டும். செல்பேசியில் படமெடுத்து, எந்த இடத்தைத் தொட்டால் எந்தத் தாள் வர வேண்டும் என்று குறித்தால், கோட்டோவியமே செயலிபோல் இயங்கும். இங்கே துணைச் செயலிதான் முழுக் கருவி, கணினியே வேண்டாம். 2016இல் மார்வெல் என்ற வடிவமைப்புக் கருவி நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. திரை வடிவமைப்பில் அவ்வளவு எளிய வாசலை வேறு எந்தக் கருவியும் திறந்ததில்லை என்பது என் உறுதியான கருத்து.

தமிழில் திரை வரைகிறவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. ஆங்கிலத்தில் கச்சிதமாக அடங்கிய பட்டன், ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்று வந்தவுடன் பிதுங்கும். 2019இல் ஃபிக்மா கொண்டுவந்த ஆட்டோ லேஅவுட், எழுத்து நீள நீளப் பெட்டியையும் நீட்டித் தருகிறது; தமிழுக்கு அது பெரிய வரம். உயரத்தில்தான் இன்னும் கவனம் வேண்டும். ‘கீ’யின் விலங்கு மேலே ஏறும், ‘நூ’வின் சுழி கீழே இறங்கும். வரிகளை ஆங்கில அளவுக்கு நெருக்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான், இலங்கையின் தாரிக் அஸீஸ் வடித்த பவனம் ஆகிய எழுத்துருக்கள் கூகுள் ஃபாண்ட்ஸ் வழியாக ஃபிக்மாவிலேயே கிடைக்கின்றன. இரண்டையும் மாற்றி மாற்றிச் செல்பேசியில் பாருங்கள். மெல்லிய எடையில் கட்டமரான் நிழலில் நளினமாக இருக்கும். மதிய வெயிலில் பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கு ஒரு படி தடித்த எடைதான் கண்ணுக்குப் பிடிபடும். இதைக் கணினித் திரை ஒருநாளும் சொல்லாது.

புதிதாகக் கற்பவர்கள் ஃபிக்மாவில் தொடங்கலாம். அசைவில் ஆசை உள்ளவர்கள் புரோட்டோபைக்குப் போகலாம். நீண்ட நாள் காக்க வேண்டிய வேலைக்குப் பென்பாட். எதில் வரைந்தாலும் முதல் ஃபிரேமிலேயே உண்மையான தமிழ் வாசகத்தை வையுங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு செல்பேசி ஒன்றில் அதைத் திறந்து, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள்.