ஞாயிறு திரும்பியது, ஓய்வு திரும்பியதா?

2014 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை, பதினொரு ஆண்டுகள், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிகளுக்கு வேலை நாள். தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றிய கிறிஸ்தவ ஆசிரியர்கள் ஆராதனை வேளையில் வகுப்பறையில் நின்றார்கள். சில சபைகள் ஆராதனையை வெள்ளிக்கோ சனிக்கோ நகர்த்தின. சில ஞாயிறு மாலைக்குத் தள்ளின. கத்தோலிக்கருக்குச் சனி மாலைத் திருப்பலி கைகொடுத்தது. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறை. சபைகளுக்கு இது ஆறுதல். ஆனால் திரும்பக் கிடைத்த நாள் யாருக்குச் சேர வேண்டும், சபைக்கா குடும்பத்துக்கா என்ற கேள்வி இன்னும் பேசப்படவில்லை.

வாரநாளில் ஆசிரியர், வார இறுதியில் ஊழியர் என்ற வழக்கம் நமக்குப் புதிதல்ல. தரங்கம்பாடி, திருநெல்வேலி மிஷன்களில் உபதேசியாரும் வாத்தியாரும் பல ஊர்களில் ஒரே ஆள்தான். வேதநாயக சாஸ்திரியார் தஞ்சையில் பள்ளி ஆசிரியராக இருந்தபடியே கீர்த்தனைகள் இயற்றினார். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர்களும் இந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள்.

இந்த வழக்கத்தின் பலங்கள் உண்மையானவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் குளுவாங், மாசாய், ஸ்கூடாய் என்று நகர்ப்புறங்களில் சிதறிய பிறகு, சிறிய தமிழ்ச் சபைகள் பலவற்றால் முழுநேரப் போதகரைத் தாங்க முடியவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்களில் ஆசிரியர்கள் முக்கியமானவர்கள். தமிழைப் பிழையில்லாமல் வாசிக்கவும், கூட்டத்தின் முன் பேசவும், பிள்ளைகளை அமர வைத்துக் கதை சொல்லவும் அவர்களுக்குத் தெரியும். ஞாயிறு பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. இன்னொன்று, அரசுச் சம்பளம் வாங்குபவர் காணிக்கையை நம்பி வாழ்வதில்லை. அதனால் பணம் படைத்த சபையாருக்குப் பிடிக்காததையும் அவரால் மேடையில் சொல்ல முடியும். கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்த பவுல் சபைக்குப் பாரமாக இருக்க மறுத்ததிலும் இந்தச் சுதந்திரம் இருந்தது.

குறைகளில் முதலாவது பள்ளி தொடர்பானது. அரசமைப்புச் சட்டத்தின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஜொகூரில் அதற்கான சட்டம் 1991இல் வந்தது. அந்த எல்லையை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் தமிழ்ப்பள்ளியில் எதிரே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துப் பிள்ளைகள். அங்கே பொருந்துவது 12(3): தன்னுடையதல்லாத சமயத்தின் போதனையைப் பெறும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மதிப்பெண் போடும் கை பிரார்த்தனைக்கு அழைத்தால், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது அழைப்பாகத் தெரியாது, கட்டளையாகவே தெரியும். வகுப்பறையை ஊழியக்களமாகப் பார்க்கும் ஆசிரியர், தன்னை நம்பிப் பிள்ளையை அனுப்பிய பெற்றோரின் நம்பிக்கையைக் கெடுக்கிறார். நல்ல பாடம் நடத்துவதும், பாகுபாடின்றி நடப்பதும் மட்டுமே அங்கே அவர் தரக்கூடிய சாட்சி.

இரண்டாவது குறை வீட்டுக்குள் இருக்கிறது. அதனாலேயே அது வெளியே தெரிவதில்லை. பழைய விடுமுறைக் காலத்தையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் கணவருக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. ஆசிரியையான மனைவிக்கு வெள்ளி, சனி. இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது சனிக்கிழமை ஒன்றுதான். பாடகர் குழுப் பயிற்சி, வாலிபர் கூட்டம், வீட்டு ஜெபம் என்று சபை கேட்டதும் அந்தச் சனிக்கிழமையையே. காலையில் பள்ளியில் புறப்பாட நடவடிக்கை, மாலையில் சபை, இரவில் மறுநாளுக்கான நாள் பாடத்திட்டம், நடுவே ஓயாமல் ஒலிக்கும் புலனக் குழுக்கள். ஊரார் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியைக்குத் தன் மகனின் வீட்டுப்பாடத்தைப் புரட்டிப் பார்க்க நேரமிருக்காது. வீட்டு வேலையும் பெண்ணின் தலையில்தான் என்றிருக்கும் குடும்பங்களில் சுமை இரட்டிப்பு.

போதகரின் மனைவி ஆசிரியையாக இருந்தால் இன்னொரு சிக்கல். மெதடிஸ்ட் முறையில் போதகர்களைப் பேராயர் இடம் மாற்றி நியமிக்கிறார். ஆசிரியையின் இடமாற்றமோ கல்வி அமைச்சின் கையில். இரண்டு மாற்றங்களும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கணவர் ஒரு மாநிலம், மனைவி ஒரு மாநிலம் என்று பிரிந்து வாழ நேர்ந்தால், அதைத் தியாகம் என்று மேடையில் புகழ்வது எளிது. அந்த வீட்டின் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் மனைவியின் சம்பளமே தாங்குகிறது என்பதைச் சபை எளிதில் மறந்துவிடுகிறது.

வரலாற்றில் இதற்குப் பெரிய எச்சரிக்கை மிஷனரி வில்லியம் கேரி. 1801 முதல் சுமார் 30 ஆண்டுகள் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழி கற்பித்து, சம்பளத்தின் பெரும்பகுதியைச் செராம்பூர் மிஷனுக்குக் கொடுத்தார். ஊழியமும் ஆசிரியப் பணியும் ஒன்றையொன்று தாங்கியதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆனால் 1794இல் மகன் பீட்டர் இறந்தபின் மனநலம் குலைந்த அவர் மனைவி டாரத்தி, 1807இல் இறக்கும்வரை மீளவில்லை. கட்டுக்கடங்காமல் திரிந்த பிள்ளைகளைத் திருத்தி வளர்த்ததில் பெரும்பங்கு சக மிஷனரிகளான ஹன்னா மார்ஷ்மனுக்கும் வில்லியம் வார்டுக்கும் உரியது. கேரியின் வேதாகம மொழிபெயர்ப்புகளைக் கொண்டாடும் நாம் இந்தக் கணக்கையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

'தேவனுடைய வேலையை நீ பார், உன் குடும்பத்தை அவர் பார்த்துக்கொள்வார்' என்ற வாதம் பக்தியாக ஒலிக்கிறது. வேதம் அதற்கு இடம் தரவில்லை. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் மாமனார் எத்திரோ மோசேயிடம் வருகிறார். பாரத்தைப் பலருக்கும் பகிர்ந்துகொடு என்று அவர் சொன்ன ஆலோசனையை எல்லாத் தலைமைத்துவ முகாம்களிலும் கேட்கிறோம். அவர் வந்தபோது மோசேயின் மனைவியையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார் என்பதை அநேகமாக யாரும் சொல்வதில்லை. முதலில் குடும்பத்தைச் சேர்த்துவைத்த பிறகே நிர்வாகத்தைப் பற்றிப் பேசினார். தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி நடத்துவான் என்ற பொருளில் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதும் அதே வரிசையில்தான்.

ஆகவே இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. எல்லை போட்டுக் காக்க வேண்டும். பொறுப்பு கொடுக்கும்முன் வாழ்க்கைத் துணையின் சம்மதத்தையும் சபை கேட்க வேண்டும். ஒருவருக்கு ஒரு பொறுப்பு, அதற்குக் காலவரம்பு என்று எழுதி வைக்க வேண்டும். தேர்வு, மதிப்பீட்டுக் காலங்களில் ஆசிரியர்களை மேடை அட்டவணையிலிருந்து விடுவிக்க வேண்டும். அவர்களது திறமையைப் பயன்படுத்தப் பொருத்தமான வழிகள் வேறு உண்டு: இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் விவிலிய அறிவுப் பாடத்துக்குச் சபைப் பிள்ளைகளைத் தயார்செய்வதும் ஊழியம்தான். ஆள் இல்லாத கூட்டத்தை அதே ஆசிரியரின் தலையில் கட்டுவதைவிட அந்தக் கூட்டத்தை நிறுத்திவிடுவது மேல்.

ஜொகூர் சபைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்திருக்கிறது. இனி சனிக்கிழமையை ஆசிரியர்களின் குடும்பங்களுக்கு விட்டுவிடுங்கள்.