ஆர்.என்.ஏ வெறும் தூதுவர்தானா? ஒரு கருத்துணர் பகுதியைப் பற்றி

படிவம் ஐந்து மாணவர்களுக்காகக் கைமாறி வந்த ஒரு கருத்துணர் பயிற்சியைத் திருத்தும்போது பேனா நின்றுவிட்டது. "ஆர்.என்.ஏ-வின் பணி யாது?" என்பது கேள்வி. விடைப்பட்டியலில் ஒரே விடை: மரபணுச் செய்தியைப் புரதம் உருவாகுமிடத்துக்குக் கொண்டு செல்லுதல். ஒரு மாணவி, "சில ஆர்.என்.ஏ மரபணுக்களை வேலை செய்யவிடாமல் தடுக்கும்" என்று எழுதியிருந்தாள். பட்டியல்படி சுழியம். ஆனால் அவள் சொன்னது சரி. அதுவும் அதே பகுதியின் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது!

பகுதி நன்றாகத்தான் தொடங்குகிறது. சின்னச் சின்ன வாக்கியங்கள், கலைச்சொல் நெருக்கடி இல்லை. கோளாறு அந்தக் கடைசிப் பத்தியில்தான். அங்கே சான்றாக வருவது 'எக்ஸிஸ்ட்' என்னும் ஆர்.என்.ஏ. 1991-இல் கண்டறியப்பட்டது, மனிதரில் சுமார் 19,000 எழுத்து நீளம், அதிலிருந்து புரதம் எதுவும் உருவாவதில்லை. பெண் பாலூட்டிகளின் உயிரணுக்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு அல்லவா? அவற்றுள் ஒன்றின்மேல் எக்ஸிஸ்ட் போர்வைபோலப் படர்கிறது. அந்தக் குரோமோசோம் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது.

பகுதியோ, "எக்ஸிஸ்ட் குரோமோசோமைப் பூட்டுகிறது" என்கிறது. தமிழாசிரியர் கண்ணில் பட வேண்டிய இடம் இது. எக்ஸிஸ்ட் தானே எதையும் பூட்டுவதில்லை. 'ஸ்பென்' என்ற புரதத்தை அழைக்கிறது. அதன்வழி செயல்படும் நொதி, டி.என்.ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைல் குறிகளை நீக்குகிறது. வேறு புரதங்கள் மெத்தில் குறிகளை வைக்கின்றன. குரோமாட்டின் இறுகுகிறது. ஆக, 'பூட்டுகிறது' அல்ல, 'பூட்டச் செய்கிறது'. தன்வினை, பிறவினை நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

"இதனால் மரபணு மாறிவிடுகிறது" என்ற வரி இன்னும் மோசம். ஓர் எழுத்தும் மாறவில்லை. வாசிக்க முடியாமல் போகிறது, அவ்வளவுதான். மூவண்ணப் பூனையைக் காட்டியிருந்தால் மாணவர்களுக்குச் சட்டென்று புரிந்திருக்கும். செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸில் இருக்கிறது. எந்த எக்ஸ் ஓய்ந்ததோ அதற்கேற்ப ஒரு திட்டு கறுப்பு, ஒரு திட்டு செம்மஞ்சள். (வெள்ளைக்குக் காரணம் வேறு மரபணு.) 2001-இல் அமெரிக்காவின் டெக்சஸில் அப்படியொரு பூனையை நகலாக்கினார்கள். பிறந்த 'சிசி'யின் உடலில் செம்மஞ்சளே இல்லை! மரபணு என்னவோ மூலப்பூனையுடையதேதான்.

கேள்வியை, "பகுதியில் கூறப்படும் ஆர்.என்.ஏ-வின் பணிகள் இரண்டனை எழுதுக" என்று மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். அந்த மாணவிக்கு முழுப் புள்ளி கொடுத்துவிட்டேன். விடைப்பட்டியலைப் பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் கேட்டுப் பெறலாம்.