உறைந்த காயும் அனல் காற்றும்

உறைந்த காய்கறியை ஏர் ஃப்ரையரில் சமைக்கலாமா என்று கேட்டால், எந்தக் காய் என்று தெரிந்த பிறகே பதில் சொல்ல முடியும். வெண்டைக்காய் என்றால் தாராளமாகப் போடலாம். கீரை என்றால் வேண்டவே வேண்டாம்.

எல்லாம் தண்ணீரால் வருவது. உறையவைக்கும் முன் பெரும்பாலான காய்களைக் கொதிநீரிலோ ஆவியிலோ சற்று நேரம் காட்டி எடுப்பார்கள். நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகள் அதில் அடங்கிவிடும். உறையும்போது உள்ளே உருவாகும் பனிப்படிகங்கள் காயின் திசுவைக் கிழிக்கின்றன. அதனால் இளகியதும் நீர் விடும். வாணலியில் நிறையக் கொட்டினால் அந்த நீரிலேயே காய் வெந்து குழைந்துபோகும். ஏர் ஃப்ரையரோ மேலிருக்கும் கம்பிச்சுருளின் சூட்டை விசிறியால் காய்மேல் அடித்து, எழும் ஆவியை உடனுக்குடன் விரட்டுகிறது. ஈரம் இருக்கும்வரை காயின் மேற்புறம் 100 டிகிரியை அதிகம் தாண்டாது. சிவந்து மணக்க ஏறத்தாழ 140 டிகிரியாவது வேண்டும்.

லண்டனிலும் டொராண்டோவிலும் உள்ள தமிழ்க் கடைகளில் நறுக்கிய வெண்டைக்காய் உறைந்த பையில் கிடைக்கும். வாணலியில் அது நூல் நூலாக இழுக்கும். கிளறக் கிளற உடையும். சூடேறிய கூடையில் இளகவிடாமல் ஒரே அடுக்காகப் பரப்பி 200 டிகிரியில் வையுங்கள். முதலில் பளபளவென்று ஈரமாகத் தெரியும். பிறகு மினுக்கம் மங்கி ஓரங்கள் சுருங்கும். கால் மணி நேரத்துக்குள் பிசுபிசுப்பு போய்விடும். எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூளை ஈரம் வற்றிய பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்பே தூவினால் பனிநீரோடு வழிந்து அடித்தட்டுக்குப் போய்விடும். காலிஃபிளவரும் இப்படி நன்றாக வரும்.

பட்டாணியும் கேரட்டும் கலந்த பை வேறு கதை. பட்டாணியின் தோல் இறுகிச் சுருங்கிவிடும். குருமாவுக்கும் புலாவுக்கும் அந்தக் காயின் ஈரமே தேவை; பையிலிருந்து நேரே பாத்திரத்துக்குப் போகட்டும். கட்டியாக உறைந்த கீரையோ ஓரம் கருகியும் நடுவில் பனி உருகாமலும் கிடக்கும்.

எண்ணெய் மிச்சம் என்ற பெருமையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பொரியலுக்கு நாம் ஊற்றுவதே ஒன்றிரண்டு கரண்டி. கேரட்டின் கரோட்டின் உடலில் சேர எண்ணெய் கொஞ்சம் வேண்டும். உறைந்த ஃபிரெஞ்சு ஃபிரைஸோ பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே எண்ணெயில் அரைப்பதமாகப் பொரிக்கப்பட்டு வருவது.

ஏர் ஃப்ரையரின் பெரிய குறை கூடையின் அளவு. நான்கு பேருக்கான காயைக் குவித்தால் காற்று உள்ளே நுழையாது. மறுபடியும் ஆவியில் வெந்த காய்தான் கிடைக்கும். இரண்டு முறை வைத்தால் முதலில் எடுத்தது தளர்ந்துவிடும். ஆனால் தனியாக இருக்கும் மாணவருக்கும், அடுப்பருகே நெடுநேரம் நிற்க முடியாத முதியவருக்கும் ஏர் ஃப்ரையர் உண்மையான உதவி. பெரிய குடும்பத்துக்கு வாணலியே மேல்.

வெளியே சிவந்ததைப் பார்த்து உள்ளும் வெந்துவிட்டது என்று நம்புவது ஆபத்து. உறைநிலை கிருமியைக் கொல்வதில்லை. உறைந்த சோளத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட லிஸ்டீரியா தொற்றில் ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 2018 ஜூன் வரை 47 பேர் பாதிக்கப்பட்டு 9 பேர் இறந்தார்கள். ஒட்டிக்கொண்ட கட்டிகளைப் போடும் முன்பே உடைத்துவிடுங்கள். பாதியில் கூடையைக் குலுக்குங்கள். இறக்கும் முன் இருப்பதில் தடித்த துண்டைப் பிளந்து நடுவிலும் ஆவி பறக்கிறதா என்று பாருங்கள்.