எலும்புகள் போட்ட தாளம்

கார்ட்டூன் படங்களை விமரிசனத்துக்கு உரிய விஷயமாக நம்மில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நாவலைப் பற்றிச் சண்டை போடுகிறோம், சங்கீதத்தைப் பற்றிச் சண்டை போடுகிறோம். ஓர் எலியும் பூனையும் ஓடுகிற படத்தைக் குழந்தைகளிடம் விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இதனால் நஷ்டம் குழந்தைகளுக்கு இல்லை, நமக்குத்தான்.

1929-ல் வால்ட் டிஸ்னி கம்பெனி வெளியிட்ட 'ஸ்கெலிடன் டான்ஸ்' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிஷம்கூட ஓடாது. வர்ணம் கிடையாது, பேச்சும் கிடையாது. நடு ராத்திரி, இடுகாடு, ஆந்தை, கல்லறைமேல் சண்டையிடும் இரண்டு பூனைகள். கல்லறைக்குள்ளிருந்து எலும்புக்கூடுகள் எழுந்து வந்து ஆடுகின்றன. ஒன்று இன்னொன்றின் முதுகெலும்பையே வாத்தியமாக்கித் தட்டி வாசிக்கிறது. சேவல் கூவியதும் எல்லாம் அலறியடித்துக்கொண்டு குழிக்குள் போய் விழுகின்றன. கதை இவ்வளவுதான். கதை என்று சொல்லக்கூட முடியாது. ஆனால் ஒவ்வோர் எலும்பும் தாளத்தில் விழுகிறது. அதில்தான் ரகசியம் இருக்கிறது.

இந்தத் தாளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பேசும் படத்தில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பன்னிரண்டாவது படத்தில் ஒரு தட்டு, இருபத்துநாலாவதில் ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால், கால் தரையில் படும் சித்திரத்தைச் சரியாக அந்த எண்ணில் வரைந்துவிட வேண்டும். மிருதங்கக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் அரை நிமிஷத்தில் புரிந்துகொள்வார். சினிமாக்காரர்களுக்குப் புரியத்தான் நாளாயிற்று. பிளீஷர் சகோதரர்கள் 1920-களிலேயே கார்ட்டூனுக்குச் சப்தம் சேர்த்தார்கள். ஆனால் 1928 நவம்பர் 18-ந் தேதி நியூயார்க்கில் திரையிடப்பட்ட 'ஸ்டீம்போட் வில்லி'யில்தான் சப்தமும் அசைவும் புருஷன் மனைவி மாதிரி ஒட்டிக்கொண்டன. அந்தச் சமயத்தில் கார்ல் ஸ்டாலிங் என்ற சங்கீதக்காரர், பேசாப் படக் காலத்தில் கொட்டகையில் வாசித்துப் பழகியவர், ஒரு யோசனை சொன்னார். படத்துக்குப் பாட்டு என்பதை மாற்றி, பாட்டுக்குப் படம் போட்டால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் எலும்புக்கூட்டு ஆட்டம். பெரும்பகுதியை வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். உலகத்துக்குத் தெரிந்த பெயர் டிஸ்னி. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கோயிலைக் கட்டிய சிற்பியின் பெயரா நமக்குத் தெரிகிறது?

கோயில் என்றதும் அரியலூர் ஜில்லாவுக்கு வருகிறேன். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் பதினோராம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில். விமானத்தின் வெளிச்சுவர் மாடம் ஒன்றில் நடராஜர் ஆடுகிறார். பார்க்க வருகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே குனிந்து பார்க்க வேண்டும். காலடியில் காரைக்கால் அம்மையார், வற்றி ஒட்டிய தேகத்தோடு, பேயுருவில் உட்கார்ந்து தாளம் போடுகிறார். அழகு வேண்டாம் என்று உதறிப் பேய் வடிவை வரமாகக் கேட்டு வாங்கியவர். கயிலைக்குக் காலால் போகக்கூடாது என்று தலையால் நடந்தவர். ஒரு கார்ட்டூன்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சுடுகாடு இருக்கிறது, எலும்பு இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது, தாளம் இருக்கிறது. சிற்பி உருவத்தை மிகைப்படுத்தியிருக்கிறான். ஆனால் கேலி செய்யவில்லை. ஐவர்க்ஸின் எலும்புகளுக்குப் பக்தி கிடையாது, வெறும் குஷிதான். இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. சாவைத் தாளத்தில் நிறுத்திப் பார்க்கும் துணிச்சல் இரண்டிலும் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

நம் தேசத்தில் கார்ட்டூன் வரைய வந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்களா? பால்கே 1915-லேயே தீக்குச்சிகளை ஆடவிட்டுப் படம் பிடித்தார். கல்கத்தாவில் நியூ தியேட்டர்ஸ் 1934-ல் 'பீ பிரதர்ஸ்' எடுத்தது. பிறகு 1956-ல் சர்க்காரின் பிலிம்ஸ் டிவிஷன் ஒரு கார்ட்டூன் பிரிவு தொடங்கிற்று. கற்றுக்கொடுக்க வந்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னியிடம் 'பாம்பி' முதலான படங்களில் வேலை செய்தவர். 1957-ல் ஜாதகக் கதையிலிருந்து 'பான்யன் டீர்' வந்தது. மான் நம்முடையது, அதன் கண் பாம்பியுடையது. வீக்ஸைக் குறை சொல்ல மாட்டேன், தெரிந்ததைக் கொடுத்தார். நாம் எதை வாங்கிக்கொண்டோம் என்பதுதான் கேள்வி. 1937-ல் 'ஸ்னோ ஒயிட்' வந்த காலத்திலேயே டிஸ்னி நிஜ உடம்பைப் போல வழுவழுவென்று அசையும் சித்திரத்துக்குப் போய்விட்டார். நம்மவர்கள் எடுத்துக்கொண்டது அந்த வழுவழுப்பை. 1929-ன் முரட்டுத் தாளத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

பணமில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஏழு நிமிஷப் படத்துக்கு 10,080 சட்டங்கள். இரண்டு சட்டத்துக்கு ஒரு சித்திரம் என்றாலும் 5,040. பெரிய வேலைதான். ஆனால் எலும்புக்கூடுகளைக் கவனித்துப் பாருங்கள். அதே அசைவு திரும்பத் திரும்ப வருகிறது. வரைந்ததையே மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். பல்லவி திரும்ப வருகிற மாதிரி இருப்பதால் யாருக்கும் அலுக்கவில்லை. சிக்கனமே அழகாகிவிட்டது. இது நமக்கு ஏற்ற வழி அல்லவா?

பழைய கார்ட்டூன்கள் எல்லாமே புனிதமானவை என்று யாரும் எண்ண வேண்டாம். கறுப்பர்களைக் கேவலமாக வரைந்தவை ஏராளம். வார்னர் படங்களில் பதினொன்றை 1968-ல் திரையிலிருந்தே ஒதுக்கிவைக்க நேர்ந்தது. சரியான காரியம். தாளம் நன்றாயிருப்பதால் அவமானம் அவமானமில்லாமல் போய்விடாது.

2007-ல் சுட்டி டி.வி. வந்தபிறகு பெரம்பலூர்ப் பிள்ளைகளுக்கு வெளியூர் மிருகங்களெல்லாம் தமிழ் பேசுகின்றன. நிறையவே பேசுகின்றன, வாய் ஓய்வதில்லை. பேச்சு கூடக் கூட உடம்பு சும்மா நிற்கிறது. 1940-ல் தொடங்கிய 'டாம் அண்ட் ஜெர்ரி'யை இன்றும் குழந்தைகள் விடாமல் பார்க்கிறார்கள் என்றால், அதை மொழிபெயர்க்க அவசியமே ஏற்படாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஐவர்க்ஸும் ஸ்டாலிங்கும் 1930-லேயே டிஸ்னியை விட்டு விலகினார்கள். ஸ்டாலிங் 1936-ல் வார்னரில் சேர்ந்து, இருபது வருஷத்துக்கு மேல் முயலுக்கும் வாத்துக்கும் சங்கீதம் எழுதினார். அவருடைய படம் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், யார் விழுந்தார்கள், யார் துரத்துகிறார்கள் என்று சொல்லிவிடலாம். 'ஸ்கெலிடன் டான்ஸ்' 2025 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் பொதுச் சொத்தாகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, அரியலூர்ப் பக்கம் போகிறபோது அந்த மாடத்தின் முன்னால் ஐந்து நிமிஷம் குனிந்து நில்லுங்கள்.