நனையாத சென்சார்

தொட்டியின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் சதவீதமாகக் காட்டும் கருவிகள்தான் அடுக்குமாடிகளில் இப்போதைய மோகம். “ஒருமுறை மாட்டினால் போதும், மறந்துவிடலாம்” என்கிறார்கள் விற்பவர்கள். வாங்குகிறவர்களும் அப்படியே மறந்துவிடுகிறார்கள்.

மட்டத்தைப் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் வாட்டர் லெவல் கன்ட்ரோலரால் நன்மை உண்டு. தொட்டி வழிந்து தண்ணீர் வீணாவதில்லை. சம்ப் வற்றிய பிறகும் ஓடி மோட்டார் காயில் எரிவது குறைகிறது. இதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் மட்டத்தை அறியும் அதன் சென்சார் பழுதாகும்போது சத்தம் போடுவதில்லை. மலிவான கன்ட்ரோலர்களில் தொட்டிக்குள் தொங்குபவை வெறும் உலோக முனைகள்: அடியில் ஒரு பொதுமுனை, நிறையும் மட்டத்தில் ஒரு மேல் முனை. தண்ணீர் தொட்டதும் அவற்றுக்கிடையே சிறு மின்னோட்டம் பாயும், மட்டம் தெரியும். அது டிசி மின்னோட்டமாக இருந்தால் மின்பகுப்பில் ஒரு முனை அரித்துப் போகும். போர் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளைப் பொருக்காகப் படிந்து முனையை மூடும். அப்படி மூடிய மேல் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தாலும் கன்ட்ரோலருக்குத் தெரியாது. தொட்டி நிறையவில்லை என்று நம்பி மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும். மாறாக, முனைகளுக்கிடையே ஈரப் பாசி படர்ந்தால் காலித் தொட்டியும் நிறைந்ததாகிவிடும். பழுதான சென்சார் சொல்வதும் நல்ல சென்சார் சொல்வதும் கன்ட்ரோலர் பெட்டியில் ஒரே விளக்காகத்தான் எரியும்.

தொழிற்சாலைகள் இதை எப்போதோ புரிந்துகொண்டன. அங்கே 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமே அளவைச் சொல்லும். காலித் தொட்டிக்கும் 4 வரும். சுழியம் வந்தால் ஒயர் அறுந்தது என்று உடனே தெரியும். வீட்டுக்கு வரும் மலிவான கருவிகளில் இந்த ஏற்பாடு இல்லை.

பழுது பார்க்கும் முறையும் தலைகீழாக இருக்கிறது. வந்த எலக்ட்ரீஷியன் கீழே சுவரில் இருக்கும் பெட்டியைத் திறந்து போர்டை மாற்றுவார். மாடியேறித் தொட்டி மூடியைத் திறப்பது கடைசியில்தான். முனைகளை வெளியே எடுத்து, பொதுமுனையையும் மேல் முனையையும் ஒரு வாளித் தண்ணீரில் முக்கினால் ஓடும் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முனைகளை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து மறுபடி முக்கலாம். செலவு சில ரூபாய். போர்டை மாற்றிய பிறகும் பொருக்கு படிந்த முனை அப்படியே தொங்குகிறது. சில வாரங்களில் அதே புகார்.

பெரிய இடங்களிலும் இதே அலட்சியம்தான். அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் டாம் சாக் நீர்மின் நிலையத்தின், பம்புகளால் நிரப்பப்படும் மேல் நீர்த்தேக்கத்தில் அழுத்தச் சென்சார்களைத் தாங்கிய குழாய்களின் பிடிமானம் கழன்று, அவை இடம் பெயர்ந்தன. சென்சார்கள் உண்மையான மட்டத்தைவிடக் குறைவாகவே காட்டின. 2005 இலையுதிர் காலத்திலேயே பொறியாளர்களுக்கு இது தெரியும். நிரப்பும் உச்ச அளவை 2 அடி குறைத்துவிட்டு, பழுதைத் தள்ளிப்போட்டார்கள். கடைசிக் காவலாக இருந்த உச்சமட்ட முனைகளோ கரைச்சுவரின் தாழ்ந்த இடங்களைவிட உயரத்தில் இருந்தன. தண்ணீர் சுவரைத் தாண்டி வழிந்தாலும் அவை நனையவே முடியாது. டிசம்பர் 14 விடியற்காலையில் பம்புகள் நிற்காமல் நிரப்ப, கரை அரித்து உடைந்தது. 100 கோடி கேலனுக்கு மேல் தண்ணீர் அரை மணி நேரத்துக்குள் மலையிலிருந்து இறங்கியது. கீழே பூங்காக் கண்காணிப்பாளரின் வீடு அடித்துச் செல்லப்பட்டது. அவருடைய குடும்பத்தில் ஐந்து பேரும் உயிர் பிழைத்தது பெரும்பேறு.

காவலுக்கு வைத்த முனையைத் தண்ணீர் எட்டுமா என்று ஒருமுறை நனைத்துப் பார்த்திருந்தால் போதும்.

அடுக்குமாடிச் சங்கங்களின் பராமரிப்பு ஒப்பந்தங்களில் தொட்டி கழுவும் தேதி இருக்கும். சென்சாரைப் பற்றி ஒரு வரி இருக்காது. தொட்டி கழுவ ஆள் இறங்கும் நாளிலேயே முனைகளைத் தேய்த்து, பிறகு மேல் முனை நனையும் வரை நிரப்பி, மோட்டார் தானாக நிற்கிறதா என்று ஒருவர் மாடியில் நின்று பார்த்துத் தேதியோடு கையெழுத்திட வேண்டும். அதை எழுதாத ஒப்பந்தத்தில் சங்கம் கையெழுத்துப் போடக்கூடாது.